பன்னிரண்டு எண்ணிப் பத்தில் முடிப்பது: ஃபிளமெங்கோ கைத்தாளத்துக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

ஃபிளமெங்கோ என்றதும் புள்ளி போட்ட பாவாடையும் தரையில் காலணி தட்டும் ஓசையும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அதிலேயே ஊறியவர்களுக்கு அது முதலில் பாட்டு. ஸ்பானிய மொழியில், அதிலும் தெற்கே ஆந்தலூசிய வழக்கில், மூன்று நான்கு வரிகளில் முடிந்துவிடுகிற பாட்டு. அந்தப் பாட்டைத் தாங்கும் தாளத்தைக் கையால் போடப் பழகிவிட்டால் கிட்டாரும் ஆட்டமும் மெல்ல மெல்லப் பிடிபடும். இந்தக் கைத்தாளத்துக்குப் பெயர் பால்மாஸ். தாளச் சுற்றுக்குப் பெயர் கொம்பாஸ்.

கருவி வேண்டாம், பணம் வேண்டாம். ஆனால் ‘கைத்தட்டல்தானே’ என்று அலட்சியமாக உட்காருகிறவர்கள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். எந்தத் தாளத்தைக் கேட்டாலும் முதலில் ‘ஒன்று எங்கே’ என்று தேடுவது நம் பழக்கம். ஃபிளமெங்கோவில் தேட வேண்டியது ஒன்றை அல்ல, பத்தை. இந்த ஒரு விஷயம் மனத்தில் உட்கார்ந்துவிட்டால் மீதி எல்லாம் பயிற்சிதான்.

கை

இரண்டு வகைத் தட்டு உண்டு. தொடக்கத்திலேயே இரண்டையும் பிரித்துப் பழகுங்கள். பிறகு திருத்துவது கடினம்.

முதலாவது சோர்தாஸ், அடங்கிய தட்டு. இரண்டு உள்ளங்கைகளையும் லேசாகக் குழித்துக்கொண்டு, ஒன்றுக்கொன்று குறுக்காக வரும்படி, குழியோடு குழி பொருந்தத் தட்ட வேண்டும். ‘டுப்’ என்று அடிவயிற்றுச் சத்தம் வரும். ‘பளார்’ என்று வந்தால் கை தட்டையாக இருக்கிறது, உள்ளே காற்று சிக்கவில்லை என்று பொருள். பக்கத்தில் இருப்பவர் தாழ்ந்த குரலில் பேசினாலும் அந்தப் பேச்சு காதில் விழ வேண்டும். சோர்தாஸுக்கு அளவு அதுதான்.

இரண்டாவது கிளாராஸ், கூர்மையான தட்டு. இடது உள்ளங்கையைச் சற்று விரித்துப் பிடியுங்கள். வலது கையின் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்கள் மூன்றையும் சேர்த்து அந்தக் குழியில் போடுங்கள். ‘டக்’ என்று அறையின் மறுகோடி வரை போகும். விசை மணிக்கட்டிலிருந்து வரட்டும். தோளிலிருந்து அடித்தால் சீக்கிரமே தோள் வலிக்கும், தாளமும் ஓடும். மோதிரத்தைக் கழற்றி வைத்துவிடுங்கள். கைகள் நெஞ்சுக்கு நேராக இருக்கட்டும்.

எதை எப்போது என்பதில் குழப்பம் வேண்டாம். பாடகர் பாடும்போதும், கிட்டார் தனியாக ஒரு வரி வாசிக்கும்போதும் சோர்தாஸ். காலாட்டம் வேகம் பிடிக்கும்போதும், ஒரு பகுதி உச்சத்துக்குப் போகும்போதும் கிளாராஸ். குரலின் மேல் கிளாராஸ் போடுவதுதான் புதியவர்கள் செய்யும் மிகப் பெரிய அத்துமீறல். தாளம் சரியாகவே இருந்தாலும் பாடகர் திரும்பிப் பார்ப்பார்.

நான்கில் தொடங்குங்கள்

நேரே பன்னிரண்டுக்குப் போகாமல் முதல் வாரம் தாங்கோஸ் போடுங்கள். அர்ஜென்டினாவின் தாங்கோ ஆட்டத்துக்கும் இதற்கும் பெயர்தான் ஒன்று. இது நான்கு எண்ணிக்கை. சீரான வேகத்தில் தட்டிக்காட்டும் மெட்ரோனோம் செயலியை நிமிடத்துக்கு 90 தட்டில் வையுங்கள். ஒன்றில் பாதம் மட்டும். இரண்டு, மூன்று, நான்கில் கை. ஒன்றைக் கை விட்டுவிடுவதில்தான் இதன் துள்ளலே இருக்கிறது. பத்து நிமிடம் நிற்காமல் போட்டு, கடைசியில் கையும் மெட்ரோனோமும் பிரியாமல் இருந்தால் 110-க்கு ஏற்றலாம். ஏறக்குறைய எல்லோருக்குமே கை முந்தி ஓடும். காரணம் பெரும்பாலும் அந்த வெற்று ஒன்றுதான். அங்கே பொறுமை போதாமல் இரண்டை அவசரமாகத் தட்டிவிடுகிறோம். பாதத்தை ஓசை கேட்க வைத்தால் சரியாகிவிடும்.

பன்னிரண்டு

எண்ணும்போதே ஸ்பானிய மொழியில் எண்ணுங்கள். ஊன், தோஸ், த்ரேஸ், குவாத்ரோ, சின்கோ, செய்ஸ், சியெத்தெ, ஓச்சோ, நுவெவெ, தியெஸ், ஊன், தோஸ். பத்துக்குப் பிறகு பதினொன்று, பன்னிரண்டு என்று சொல்லாமல் மறுபடி ‘ஊன், தோஸ்’ என்று சொல்வது ஃபிளமெங்கோ வகுப்புகளில் வழக்கம். பத்தோடு வாக்கியம் முடிந்துவிட்டது, மீதி இரண்டும் அடுத்ததற்கு மூச்சு இழுக்கும் இடம் என்று அந்த எண்ணும் முறையே சொல்லிக்கொடுக்கிறது.

அழுத்தம் விழும் இடங்கள் 3, 6, 8, 10, 12. அதாவது மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு, இரண்டு. சொற்கட்டு தெரிந்தவர்களுக்குப் பாதி வேலை முடிந்தது: தகிட தகிட தக தக தக. ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. முதல் ‘த’ ஒன்றில் விழாது, 12-இல் விழும். 12-இல் ‘த’, 1-இல் ‘கி’, 2-இல் ‘ட’, மறுபடி 3-இல் ‘த’. எண்ணிக்கையும் சொற்கட்டும் ஒரு தட்டு விலகியே ஓடும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழம்ப வேண்டாம். முதலில் சொற்கட்டைத் தனியாகச் சொல்லி உடம்பில் ஏற்றிக்கொண்டு, பிறகு எண்ணுக்கு வாருங்கள்.

இந்தச் சக்கரத்தை நிதானமாகப் பழகச் சிறந்த வடிவம் சொலெயா. மெட்ரோனோமை 70-இல் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கட்டத்தில் பன்னிரண்டையும் சோர்தாஸாகத் தட்டி, ஐந்து அழுத்தங்களை மட்டும் சற்றே பலமாகப் போடுங்கள். பாதம் ஒவ்வோர் எண்ணிலும். ஐந்து நிமிடம் தடங்கலில்லாமல் ஓடினால் அழுத்தமில்லாத ஏழு தட்டுகளையும் கை விட்டுவிடட்டும். வாய் எண்ணிக்கொண்டே இருக்கட்டும். இந்த இடத்தில் ஒரு தவறு கண்டிப்பாக வரும். 3, 6 என்று போன கை அதே நடையில் 9-இல் விழும், பிறகு 12. எட்டும் பத்தும் காணாமல் போய்விடும். மும்மூன்றாகப் போய்க்கொண்டிருந்த கை ஆறுக்குப் பிறகு இரண்டுக்கு மாற வேண்டும். அந்தத் திருப்பம் கைக்குப் பிடிக்காது. மருந்து: 6-லிருந்து 10 வரை மட்டும் எடுத்து, ‘செய்ஸ், சியெத்தெ, ஓச்சோ, நுவெவெ, தியெஸ்’ என்று சொல்லி, ஆறு, எட்டு, பத்தில் மட்டும் தட்டி இருபது முறை போடுங்கள். பிறகு முழுச் சுற்றுக்குப் போங்கள்.

அடுத்த கட்டம்தான் முக்கியமானது. பத்தைத் தட்டிவிட்டுக் கையை நிறுத்துங்கள். 11, 12 இரண்டும் பாதத்துக்கு மட்டும். மறு சுற்றின் மூன்றில் கை மறுபடி சேரட்டும். சும்மா நிற்கும் அந்தத் தட்டுகள் தொடக்கத்தில் முடிவில்லாமல் நீளும். அதை நிரப்பக் கை துடிக்கும். துடிக்கட்டும், தட்டாதீர்கள். ஆடுபவர் தீர்மானம் வைப்பதும், கிட்டார் அறுதி பெறுவதும், பாடகர் ஒரு வரியை இறக்கிவைப்பதும் பெரும்பாலும் பத்தில்தான். அதற்கு மேல் நீங்கள் போடும் ஒவ்வொரு தட்டும் அடுத்தவர் மூச்சு வாங்கும் இடத்தை அடைக்கிறது.

பத்தைக் காதால் பிடிக்கவும் வழி உண்டு. சொலெயாவில் கிட்டார் பொதுவாக ‘மி’ என்ற சுரத்தை ஆதாரமாகக் கொள்ளும். மூன்றில் ‘ஃபா’வுக்கு ஏறி, சுற்றிவந்து, பத்தில் ‘மி’யில் இறங்கும். கர்னாடக இசைக் காதுக்கு இது சுத்த ரிஷபத்திலிருந்து ஷட்ஜத்துக்கு வந்து நிற்பது. இந்தச் சுர வரிசை நம் தோடி, மேல் காந்தாரம் வரும்போது வகுளாபரணம். ஃபிளமெங்கோ இரண்டு காந்தாரங்களையும் தாராளமாகப் புழங்கும். ஆகவே எண்ணிக்கை தவறிவிட்டால் பதறாதீர்கள். கையை நிறுத்தி, ரிஷபம் ஷட்ஜத்தில் விழும் இடத்துக்குக் காத்திருங்கள். விழுந்ததும் ‘தியெஸ்’ என்று சொல்லி, ‘ஊன், தோஸ்’ விட்டு, மறுபடி உள்ளே வாருங்கள். நடுவில் தொலைந்த பிறகு தோராயமாகத் தட்டிச் சமாளிப்பதைவிட இரண்டு சுற்று சும்மா இருப்பது எவ்வளவோ மேல்.

கேட்டுப் பழக சொலெயாவுக்கு ஃபெர்நாந்தா தெ உத்ரேராவின் பதிவுகள். அவர் குரல் முதலில் கரகரப்பாகத் தோன்றலாம். நாலைந்து முறை கேட்டால் வேறு யாரும் பிடிக்காது.

அதே சக்கரம், வேறு வாசல்கள்

அலெக்ரியாஸ் காதிஸ் நகரத்துச் சரக்கு. தாளம் சொலெயாவுடையதுதான், ஆனால் வேகமாக, சங்கராபரணத்தின் சாயலில் பிரகாசமாகப் போகும். பாடகர் சானோ லோபாத்தோவைக் கேட்டுக்கொண்டு 120 முதல் மேலே பழகலாம். சொலெயா வந்துவிட்டவருக்கு இது தனிப் பாடமே அல்ல.

புலெரியாஸ் அப்படியல்ல. ஹெரெஸ் நகரத்தின் சந்தியாகோ, சான் மிகெல் பேட்டைகளின் உயிர் இது. விழாக்களின் முடிவில் எல்லோரும் கூடிப் போடுவதும் இதுதான். வேகம் பல நேரம் நிமிடத்துக்கு 200 தட்டைத் தாண்டும். அந்த வேகத்தில் ஒவ்வோர் எண்ணையும் வாயால் சொல்ல முடியாது. அதனால் 12-லிருந்து சுற்றைத் தொடங்குங்கள். இங்கே ‘தகிட தகிட தக தக தக’ அப்படியே பொருந்தும். பாதம் 12, 2, 4, 6, 8, 10 என்று ஒன்றுவிட்டு ஒன்றில். கை முதலில் 12, 3, 6, 8, 10. பிடிபட்டதும் ஆறை எடுத்துவிட்டு 12, 3, 7, 8, 10 என்று போடுங்கள். அந்த ‘ஏழு-எட்டு’ அடுத்தடுத்து விழும்போதுதான் புலெரியாஸின் முகம் தெரியும். 120-இல் தொடங்கி, வாரத்துக்கு 10 மட்டும் ஏற்றுங்கள். அதற்கு மேல் ஏற்றினால் தோள் இறுகும். இறுகிய தோளோடு இந்தத் தாளம் நடக்காது. லா பகேரா தெ ஹெரெஸ் பாடியதைக் கேளுங்கள்.

செகிரியாவும் இதே பன்னிரண்டுதான். ஆனால் எட்டிலிருந்து நுழைவது: 8, 10, 12, 3, 6. சொற்கட்டில் தக தக தகிட தகிட தக. இதைப் பன்னிரண்டாக யாரும் எண்ணுவதில்லை. நீளம் ஒன்றாக இல்லாத ஐந்து தட்டுகளாக எண்ணுவார்கள். மூன்றாவதும் நான்காவதும் நீண்டவை. துயரத்தின் அடிமட்டத்துக்குப் போகும் பாட்டு இது. புதியவர் இதற்குக் கை போடாமல் கேட்பதே அழகு என்பது நம் அபிப்பிராயம். கிட்டாரே இல்லாமல், சில சமயம் கொல்லன் பட்டறைச் சுத்தியல் ஓசையோடு மட்டும் வரும் மார்த்தினேத்தேயையும் அப்படியே வெறுமனே கேளுங்கள். இரண்டுக்கும் பாடகர் மானுவெல் அகுஹேத்தாஸைக் கேளுங்கள்.

இரண்டாவது ஆள்

ஒருவர் தட்டுவது பயிற்சி, இருவர் தட்டுவதுதான் பால்மாஸ். ஒருவர் எண்ணின் மேல் போடுவார். மற்றவர் இரண்டு எண்களுக்கு நடுவில் போடுவார். அதற்குக் கொந்த்ரா என்று பெயர். தாங்கோஸில், 80 வேகத்தில் தொடங்குங்கள். கொந்த்ரா போடுபவரின் கை கொஞ்சம் கொஞ்சமாக நழுவி எண்ணின் மேலேயே வந்து ஒட்டிக்கொள்ளும். பாதத்தை எண்ணில் அழுத்தி வைத்து, பாதம் மேலே வரும் கணத்தில் கை விழும்படி செய்தால் நழுவாது. எதிரில் இருப்பவரின் கையைப் பார்க்காதீர்கள், பாதத்தைப் பாருங்கள். இருவரும் ஒரே ஆளாகக் கேட்க வேண்டும். அதனால் ஓசை அளவிலும் ஒருவர் மற்றவரை விஞ்சக் கூடாது.

ஆள் கிடைக்காவிட்டால் மேசை இருக்கிறது. மதுக்கடை மேசையில் விரல் முட்டியால் தாளம் போட்டுப் பாடுவது ஆந்தலூசியாவில் பழைய வழக்கம். கஹோன் என்ற மரப்பெட்டி வாத்தியத்தை உடனே வாங்க ஓடாதீர்கள். அது பெருவில் ஆப்பிரிக்க வழியினரிடம் உருவானது. 1970-களின் இறுதியில் கிட்டார் மேதை பாக்கோ தெ லூசியா அங்கிருந்து ஃபிளமெங்கோவுக்குக் கொண்டுவந்தார். கை பழகாதவரிடம் அந்தப் பெட்டி வெறும் சத்தம்தான் போடும்.

வரி: எட்டு அசை

பாட்டின் சொற்களுக்கு லெத்ரா என்று பெயர். கையில் தாளம் நின்ற பிறகு இதற்கு வாருங்கள். மொழி உண்மையில் இங்கேதான் வாய்க்கு வருகிறது.

சொலெயாவின் லெத்ரா மூன்று அல்லது நான்கு வரி. ஒவ்வொரு வரியும் எட்டு அசை. நான்கு வரி என்றால் இரண்டாவதும் நான்காவதும், மூன்று வரி என்றால் முதலாவதும் மூன்றாவதும் இயையும். இயைபு உயிர் ஒலிகளில் மட்டும் இருந்தால் போதும், மெய் மாறலாம். செகிரியாவின் நான்கு வரிகளில் மூன்றாவது மட்டும் நீளம்: 6, 6, 11, 6.

ஸ்பானிய அசை எண்ணுவதில் இரண்டு விதிகள் போதும். ஒன்று, ஒரு சொல் உயிரில் முடிந்து அடுத்தது உயிரில் தொடங்கினால் இரண்டும் ஒரே அசையாகச் சேரும். தமிழில் உடம்படுமெய் நுழைத்து இரண்டு உயிரையும் காப்பாற்றுவோம். இங்கே அப்படியில்லை, இரண்டும் ஒரே மூச்சில் ஒட்டிக்கொள்ளும். இந்த வரியைப் பாருங்கள்:

மி காஸா எஸ்தா ஹுந்தோ அல் ரியோ.

‘என் வீடு ஆற்றோரத்தில்’ என்று பொருள். தனித்தனியாக எண்ணினால் பத்து வரும். ‘ஸா’வும் ‘எஸ்’ஸும் ஒன்று, ‘தோ’வும் ‘அல்’லும் ஒன்று. இப்போது மி, கா, ஸாஎஸ், தா, ஹுன், தோஅல், ரி, ஓ: எட்டு.

இரண்டாவது விதி கடைசிச் சொல்லுக்கு. அழுத்தம் கடைசிக்கு முந்தைய அசையில் இருந்தால் எண்ணியது எண்ணியபடி. கடைசி அசையிலேயே இருந்தால் ஒன்று கூட்ட வேண்டும். கடைசியிலிருந்து மூன்றாவதில் இருந்தால் ஒன்று கழிக்க வேண்டும். ‘ஸெ ஃபுவே எல் த்ரென் தெ லா எஸ்தாஸியோன்’, நிலையத்திலிருந்து ரயில் போய்விட்டது. ஸெ, ஃபுவேஎல், த்ரென், தெ, லாஎஸ், தா, ஸியோன்: ஏழு. அழுத்தம் ‘ஸியோன்’ மேல் இருப்பதால் ஒன்று கூட்டி எட்டு.

அகராதி வைத்துக்கொண்டு லெத்ரா படிப்பவர்கள் திணறுவதற்குக் காரணம் ஆந்தலூசிய வழக்கு. சொல் இறுதி ‘ஸ்’ கரைந்துபோகும். ‘தோஸ்’ பாடகர் வாயில் ‘தோ’. இரண்டு உயிருக்கு நடுவில் வரும் ‘த’ உதிரும். பாடகரைக் குறிக்கும் ‘காந்தாதோர்’ என்ற சொல்லே ஃபிளமெங்கோவில் ‘காந்தாவோர்’ ஆகிவிட்டது. தாயைச் சொல்லும் ‘மாத்ரெ’ இங்கே ‘மாரெ’, ‘பாரா’ வெறும் ‘பா’. கடைசியில் சொன்னது அசைக் கணக்கையே மாற்றும். எனவே எழுத்தில் ஒன்பது வந்து பாட்டில் எட்டு வந்தால், உங்கள் கணக்கைச் சந்தேகிப்பதற்கு முன் காதால் இன்னொரு முறை கேளுங்கள்.

ஒரு லெத்ராவை எடுத்து மூன்று படியாகப் போடுங்கள். முதலில் தாளமில்லாமல் வாசிப்பு, அசை எண்ணி. அடுத்து சொலெயா சோர்தாஸ் போட்டுக்கொண்டே பேச்சுக் குரலில் சொல்வது, வரியின் கடைசி அழுத்தம் பத்தில் இறங்கும்படி. பிறகுதான் ராகம். பாடகர்கள் வரிகளைத் திருப்பிப் பாடுவார்கள், ஓர் உயிரொலியை ஒரு சுற்று முழுக்க இழுப்பார்கள். அதைப் பார்த்துப் போலி செய்யத் தொடங்கினால் பத்து கைவிட்டுப் போகும். பேச்சுக் குரலிலேயே ஒரு மாதம் இருப்பது நல்லது.

இந்த எட்டசை வரி கடல் கடந்தும் போய் வந்திருக்கிறது. கியூபாவோடு தொடர்புள்ள குவாஹிரா ஃபிளமெங்கோவில் உண்டு. அதன் பாடல் எட்டசையில் பத்து வரி. தாளம் அதே 12, 3, 6, 8, 10. போய் வந்த பாடல்கள் என்றே ஒரு வகை இருக்கிறது. ஸ்பானிய மொழி எங்கெங்கே பரவியது என்பதைக் கேட்டே தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி இல்லை.

குரல் கொடுப்பது

நடுவில் ‘ஓலே’ என்று சொல்வதற்கும் இடம் உண்டு. இந்த ஊக்கக் குரலுக்கு ஹலேயோ என்று பெயர். ‘ஓலே’, ‘எஸோ எஸ்’ (அதுதான்), ‘பாமோஸ்’ (போவோம்), ‘தோமா’ (இந்தா) என்ற நான்கு போதும். ஒரு வரி இறங்கிய பிறகு, பத்துக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவிலுள்ள அந்தச் சிறு இடைவெளியில், தாழ்ந்த குரலில். சபையில் ‘சபாஷ்’ தவறான இடத்தில் விழுந்தால் எப்படியோ அப்படித்தான் இதுவும். மனத்தைத் தொடாதபோது சொல்லாமல் இருப்பதற்கும் அங்கே மதிப்பு உண்டு.

எங்கே, எப்படி உட்காருவது

யுனெஸ்கோ 2010 நவம்பர் 16 அன்று ஃபிளமெங்கோவை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் சேர்த்தது. ஆந்தலூசியாவில் அந்த நாள் ஃபிளமெங்கோ நாள். ஸ்பானிய மொழிக்கு ஐக்கிய நாடுகள் சபை குறித்த நாள் ஏப்ரல் 23. வீட்டில் ஒரு கூடல் வைக்க இரண்டில் எதுவும் பொருத்தம். எட்டுப் பத்துப் பேர், ஒலிபெருக்கி இல்லாமல், கெட்டியான நாற்காலி, முடிந்தால் மரப்பலகைத் தரை. ஒரு லெத்ராவை ஒருவர் வாசிக்க இருவர் தாளம் போட்டால் போதும். பத்துப் பேரும் சேர்ந்து தட்டினால் தாளம் கூழாகிவிடும்.

ஸ்பெயினுக்கே போகிறவர்களுக்கு: சுற்றுலாப் பயணிகளுக்கான மேடைகள் தப்லாவோ, ரசிகர்கள் நடத்தும் சங்கங்கள் பெஞா. கிரனாதாவில் 1949-இல் தொடங்கிய லா பிளாத்தேரியா பழமையான பெஞா. திருவிழா வேண்டுமென்றால் பிப்ரவரி, மார்ச் வாக்கில் ஹெரெஸ். இரட்டைப்படை ஆண்டுகளில் செப்டம்பர் மாதம் செவியாவின் பியெனால். ஆகஸ்டில் மூர்சியா பகுதியின் லா உனியோன் சுரங்க ஊரில் நடக்கும் பாட்டுப் போட்டி.

தப்லாவோ, பெஞா இரண்டிலும் பார்வையாளராக இருக்கும்போது கை தட்டித் தாளம் போடாதீர்கள், சரியாகவே போட வந்தாலும். விரல் முட்டியால் தொடையில் போட்டுக்கொள்ளலாம். பாட்டு நடக்கும்போது எழுந்து போகக் கூடாது. சாப்பிடவோ குடிக்கவோ கேட்பதும் இடைவெளியில்தான். நிகழ்ச்சியின் முடிவில் கலைஞர்கள் அரைவட்டமாக நின்று புலெரியாஸ் தொடங்கி, சுற்றியிருப்பவர்களையும் கூப்பிடுவது உண்டு. கூப்பிட்டால் ஓரத்தில் நின்று 12, 3, 6, 8, 10-ஐ மட்டும் சோர்தாஸாகப் போடுங்கள். அந்த ‘ஏழு-எட்டு’ அலங்காரத்தை அவர்களிடம் விட்டுவிடுங்கள். தவறினால் பத்தைக் கேட்கும் வரை கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.